தங்கவயல் மேடுகளை அள்ளும் முன் கிணறுகளைச் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோலார் தங்கவயலில் நிற்கும் 13 கழிவு மண் மேடுகளைத் திரும்ப அள்ளித் தங்கம் எடுக்கக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் தந்தது. அன்றிலிருந்து எத்தனை டன் தங்கம் கிடைக்கும், எத்தனை பேருக்கு வேலை என்ற இரண்டு கேள்விகளைச் சுற்றியே பேச்சு ஓடுகிறது. வேலை பற்றிய கேள்வியை யாரும் குறை சொல்ல முடியாது. அங்கே தங்கம் எடுத்த மத்திய அரசு நிறுவனமான பாரத் கோல்டு மைன்ஸ் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்ட பிறகு, விடியற்காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூரு போய் இரவு வீடு திரும்புவதே பிழைப்பாகிப்போன ஊர் அது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிற ஊர் என்பதால், அங்கே நடப்பது நமக்கு அயலூர்ச் செய்தியும் அல்ல.

யாரும் உரக்கக் கேட்காத மூன்றாவது கேள்வி ஒன்று இருக்கிறது. மேடுகளைக் கிளறும்போது அவற்றுக்குள் இருக்கும் நஞ்சுகளான ஆர்சனிக்கும் ஈயமும் எங்கே போகும்? இதற்குப் பிற்பாடு யாராவது பதில் சொல்ல வேண்டுமானால், சுற்றியுள்ள கிணறு, ஆழ்துளைக் கிணறு, ஏரி, வயல், வீட்டு முற்றம் ஆகியவற்றின் இன்றைய நிலையை முதல் லாரி கிளம்பும் முன்பே அளந்து ஊரார் முன் வைத்திருக்க வேண்டும். அளக்காமல் தொடங்கிவிட்டால், பத்து வருடம் கழித்து ஒரு கிணற்றில் ஆர்சனிக் தென்படும்போது 'அது முன்பே இருந்தது' என்று ஒரு தரப்பும் 'நீங்கள்தான் காரணம்' என்று மறுதரப்பும் சொல்லும். இரண்டையும் நிரூபிக்க வழியிருக்காது.

மேடுகளில் இருப்பது என்ன? ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் வேலையைத் தொடங்கியதிலிருந்து தோண்டி எடுத்த பாறையை மாவாக அரைத்து, ஆரம்ப காலத்தில் பாதரசத்தாலும் பிறகு சயனைடு கரைசலாலும் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய மிச்சம். சுமார் 3.3 கோடி டன், 1,003.4 ஏக்கரில் கிடக்கிறது. பெரும்பகுதி வெறும் படிகக்கல் தூள். ஆனால் தங்கவயல் பாறையில் தங்கத்தோடு கூடவே ஆர்சனோபைரைட், பைரோடைட், கலீனா, சால்கோபைரைட், ஸ்பேலரைட் ஆகிய கந்தகக் கனிமங்களும் உண்டு. அவற்றின் வழியே ஆர்சனிக், ஈயம், செம்பு, துத்தநாகம், கொஞ்சம் காட்மியம், நிக்கல் எல்லாம் மேட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டன. பாதரசம் மட்டும் தனிக் கதை. அது மேட்டைவிடப் பழைய அரவை மில் இருந்த தரையிலும் அதன் வடிகாலிலும்தான் அதிகம் தங்கியிருக்கும். பாதரசத்தை மேட்டில் மட்டும் தேடிவிட்டு 'இல்லை' என்று எழுதும் அறிக்கையை ஏற்கக் கூடாது.

திரும்ப அள்ளினால் மேடு கரைந்துபோகும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். இந்த மண்ணில் டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகத்தான் தங்கம் உண்டு. ஒரு டன் உள்ளே போனால் அதே ஒரு டன், கூடவே சுண்ணாம்பும் புதிய சயனைடும் சேர்ந்து வெளியே வரும். நாளுக்கு 10,000 டன் ஓட்டினாலும் முடிக்க ஒன்பது வருடம் ஆகும். ஒருமுறை வடித்த டீத்தூளை இன்னும் நைசாக்கி மறுபடி கொதிக்கவைப்பது போன்ற வேலை இது. முதல் முறை வராததை வரவழைக்கத்தான் நைசாக்குகிறார்கள். அப்போது தங்கத்தோடு மற்றவையும் சேர்ந்தே வெளிவரும். இத்தனை வருடம் காற்றுப் படாமல் இருந்த கந்தகக் கனிமத்தின் உட்பகுதி, மறு அரவையில் புதிய பரப்பாகத் திறந்துகொள்ளும். காற்றும் நீரும் பட்டால் அந்தக் கந்தகம் அமிலமாகும்.

தங்கவயலில் மக்கள் பயப்படுவது சயனைடுக்கு. புதிய ஆலை ஓடும்போது அந்தப் பயம் நியாயம். பழைய மேட்டைப் பொறுத்தவரை பயம் இடம் மாறியிருக்கிறது. சயனைடு காலப்போக்கில் சிதையும் பொருள். பிஎச் (7க்குக் கீழே அமிலம், மேலே காரம் என்று காட்டும் அளவு) 9.2க்குக் கீழே இறங்கினால் பாதிக்கு மேல், வாயுவாக வெளியேறக்கூடிய வடிவுக்கு மாறும். வெயிலும் நுண்ணுயிரும் மீதியைத் தீர்க்கும். இரும்போடு பிணைந்த சயனைடு மட்டும் இருட்டில், மேட்டின் அடியாழத்தில், பல காலம் அப்படியே கிடக்கும். அதை அள்ளி வெயிலில் போட்டால் பிணைப்பு விட்டு மறுபடி நச்சாகும். அதனால் 'மொத்த சயனைடு' ஒன்று, 'எளிதில் பிரியும் சயனைடு' ஒன்று என இரண்டு அளவுகளையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஆர்சனிக், ஈயம், காட்மியம் மூன்றும் எத்தனை வருடம் போனாலும் சிதையாது. ஒரு சேர்மத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகரும், அவ்வளவுதான்.

அந்த நகர்வில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். 'கழிவு நீரின் பிஎச் 8, அமிலமே இல்லை, ஆபத்தில்லை' என்ற வரி பல அறிக்கைகளில் வருகிறது. ஈயம், துத்தநாகம், காட்மியம், செம்பு ஆகியவை அமிலத்தில் கரைந்து ஓடும் என்பது சரி. ஆர்சனிக் அப்படி அல்ல. அது இரும்புத் துருவின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். பிஎச் 8, 8.5ஐத் தாண்டும்போது அந்தப் பிடி தளர்ந்து தண்ணீருக்கு வரும். சயனைடு ஆலையோ சுண்ணாம்பு போட்டு பிஎச் 10.5 அளவில் ஓடுவது. ஆக அமிலத்தைத் தடுக்கப் போடும் அதே சுண்ணாம்பு ஆர்சனிக்கை அவிழ்த்துவிடக்கூடும். ஒரே மருந்து எல்லா உலோகத்துக்கும் ஆகாது என்பதை ஆலையை வடிவமைப்பவர் காகிதத்தில் எழுதிக் காட்ட வேண்டும்.

இதோடு தண்ணீர் விஷயமும் சேர்கிறது. ஒரு டன் மண்ணைக் கூழாக்கி ஓட்ட ஏறக்குறைய ஒரு டன் தண்ணீர் சுழல வேண்டும். திரும்பத் திரும்பப் பயன்படுத்தினாலும் ஆவியாகும் பங்கையும் மண்ணோடு தங்கும் பங்கையும் தினமும் ஈடுகட்டியாக வேண்டும். கோலாரில் ஆயிரம் அடிக்கு மேல் போட்ட ஆழ்துளைக் கிணறுகளே வறண்டு கிடக்கின்றன. 2018 முதல் கே.சி. வேலி திட்டத்தில் ஏரிகளுக்கு வரும், பெங்களூருவின் சுத்திகரித்த கழிவுநீரைத்தான் யாரும் முதலில் நினைப்பார்கள். அந்த நீரில் மீதமிருக்கும் பாஸ்பேட், இரும்புத் துருவின் மேல் ஆர்சனிக் உட்கார்ந்திருக்கும் அதே இடத்தைப் பிடித்துக்கொண்டு ஆர்சனிக்கை வெளியே தள்ளும். அதிலுள்ள கரிமப் பொருள் அழுகும்போது ஆக்சிஜன் தீர்ந்து இரும்புத் துருவே கரையும், ஒட்டியிருந்த ஆர்சனிக்கும் கூடவே கரையும். அந்த நீரைத் தொடவே கூடாது என்று சொல்லவில்லை. அந்த நீரையும் இந்த மண்ணையும் கலந்து, மூடிய புட்டியில் சில மாதம் வைத்து, ஆர்சனிக் ஏறுகிறதா என்று பார்க்காமல் தொடக் கூடாது.

இது வெறும் ஆய்வுக்கூடப் பயம் அல்ல. கர்நாடகத்திலேயே யாத்கிர் மாவட்டத்தில், மங்களூர் (கடற்கரை மங்களூர் அல்ல) என்ற ஊரில் கைவிடப்பட்ட தங்கச் சுரங்கம் ஒன்று இருக்கிறது. அதன் அருகிலுள்ள கிரதள்ளி தாண்டா என்ற சிற்றூரில் குடிநீரில் ஆர்சனிக் கண்டறியப்பட்டது. உள்ளங்கை, உள்ளங்கால் தடித்துப்போன நோயாளிகள் அங்கே இருப்பது மருத்துவ ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. தங்கவயலின் பாறையும் அந்தப் பாறையும் ஒரே வகைப் பழம்பாறைத் தொகுதி. தங்கவயலிலும் அதே நிலைதான் என்று இதனால் முடிவுகட்ட முடியாது. சோதிக்காமல் இருப்பதற்குச் சாக்கு இல்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

இனி சோதிக்கும் முறை. கிராமப் பஞ்சாயத்தும் வார்டு உறுப்பினர்களும் ஆய்வுக்கூடத்தை அழைக்கும்போது இதை அருகில் வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் பெரும்பாலான தவறுகள் கருவியில் நடப்பதில்லை, பாட்டிலில் நடக்கின்றன.

மோட்டாரைப் போட்டவுடன் வரும் தண்ணீர் நிலத்தடி நீர் அல்ல, குழாயில் தேங்கிய நீர். இரும்புக் குழாயின் துரு ஆர்சனிக்கைப் பிடித்துவைத்துக்கொண்டு அளவைக் குறைத்துக் காட்டும். பழைய ஜிஐ குழாய் துத்தநாகத்தையும் ஈயத்தையும் விட்டு அளவைக் கூட்டிக் காட்டும். கிணற்றுக் கொள்ளளவுக்கு மூன்று மடங்கு நீரை இறைத்த பிறகு பிடி என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆறரை அங்குல ஆழ்துளைக் கிணற்றில் 100 மீட்டர் தண்ணீர் நின்றால் அந்த மூன்று மடங்கு 6,000 லிட்டருக்கு மேல். மணிக்கு 5,000 லிட்டர் இறைக்கும் மோட்டாரில் ஒரு மணி நேரத்தைத் தாண்டும், வறண்ட கிணற்றில் நடக்கவே நடக்காது. அதற்குப் பதில், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மின்கடத்து திறனும் பிஎச்சும் அளந்து, அடுத்தடுத்த மூன்று அளவுகளில் கடத்து திறன் 3 சதவீதத்துக்குள்ளும் பிஎச் 0.1க்குள்ளும் நிலைத்த பிறகு பிடித்தால் போதும். பிடிக்கும் இடம் கிணற்றடிக் குழாயாக இருக்க வேண்டும். மாடித் தொட்டியிலோ, ஃபில்டருக்குப் பிறகோ பிடித்தால் கிணற்றைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

ஒவ்வொரு கிணற்றுக்கும் குறைந்தது மூன்று பாட்டில் வேண்டும். முதலாவது, அமிலத்தில் கழுவிய 500 மி.லி. எச்டிபிஇ (கெட்டி பிளாஸ்டிக்) பாட்டிலில் அப்படியே பிடித்த தண்ணீர். குடிப்பவர் வயிற்றுக்குள் போகும் மொத்த அளவை இது சொல்லும். இரண்டாவது, 0.45 மைக்ரான் வடிகட்டியில் அங்கேயே வடித்த தண்ணீர். நிலத்தடியில் நகரும் கரைந்த பங்கை இது சொல்லும். இரண்டிலும் லிட்டருக்கு சுமார் 2 மி.லி. அடர் நைட்ரிக் அமிலம் சேர்த்து பிஎச் 2க்குக் கீழே கொண்டுவர வேண்டும். வடிப்பதற்கு முன் அமிலம் சேர்த்துவிட்டால் இரண்டாவது பாட்டில் வீண், கலங்கலில் இருக்கும் மண்ணே கரைந்து கணக்கில் ஏறும். அமிலமே சேர்க்காமல் கொண்டுபோனால் ஈயம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும், இரும்பு பழுப்பு நிறத்தில் அடியில் படிந்து ஆர்சனிக்கையும் இழுத்துக்கொள்ளும். அறிக்கை சுத்தமாக வரும், கிணறு சுத்தமாக இருக்காது. ஆய்வுக்கூடமே அமிலம் ஊற்றித் தரும் பாட்டிலை 'சுத்தத்துக்காக' அலசிவிடுவது இன்னொரு வாடிக்கையான தவறு.

மூன்றாவது பாட்டில் சயனைடுக்கு. இதில் எந்தக் காரணத்தைக் கொண்டும் அமிலம் சேர்க்கக் கூடாது, நச்சு வாயு கிளம்பும். சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து பிஎச் 12க்கு மேலே ஏற்றி, ஒளி புகாத பாட்டிலில், ஐஸ் பெட்டியில் வைத்து, 14 நாளுக்குள் சோதித்துவிட வேண்டும். பாதரசத்துக்கு ஆய்வுக்கூடம் தரும் தனிப் பாட்டில் தேவை. பத்து கிணற்றுக்கு ஒன்றில் இரட்டை மாதிரியும், காய்ச்சி வடித்த நீரைக் களத்தில் திறந்து ஊற்றிய வெற்று மாதிரி ஒன்றும் போக வேண்டும். வெற்று மாதிரியில் ஈயம் தெரிந்தால் அன்றைய தொகுதி முழுவதும் மறுபடி எடுக்க வேண்டியதுதான்.

அறிக்கை வந்ததும் முதலில் பார்க்க வேண்டிய இடம் 'கண்டறியும் எல்லை' என்ற கட்டம். இந்தியக் குடிநீர்த் தரம் ஐஎஸ் 10500 ஆர்சனிக்குக்கும் ஈயத்துக்கும் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், காட்மியத்துக்கு 0.003, பாதரசத்துக்கு 0.001, நிக்கலுக்கு 0.02, சயனைடுக்கு 0.05 என்று வைத்திருக்கிறது. கருவியின் எல்லையே 0.05 என்றால், 'கண்டறியப்படவில்லை' என்ற சொல்லுக்கு ஆர்சனிக் விஷயத்தில் அர்த்தமே இல்லை. தரத்தைப் போல நான்கு மடங்கு இருந்தாலும் அந்தக் கருவி கண்டறியப்படவில்லை என்றுதான் சொல்லும். பரிசோதனைக் கூடங்களுக்கான தேசிய அங்கீகாரமான என்ஏபிஎல் பெற்ற கூடத்தில், மிகச் சிறு அளவு உலோகத்தையும் காணும் ஐசிபி-எம்எஸ் கருவியில், எல்லை 0.001க்கு மேற்படாமல் கேளுங்கள். அங்கீகாரம் அந்த உலோகத்துக்கும் உண்டா என்று அதன் பட்டியலைப் பார்க்க வேண்டும். பல கூடங்களுக்கு கடினத்தன்மைக்கும் குளோரைடுக்கும் மட்டுமே இருக்கும். கையடக்க டிடிஎஸ் மீட்டரைக் காட்டி '300தான் இருக்கிறது, அருமையான தண்ணீர்' என்று சொல்பவரை நம்ப வேண்டாம். அது லிட்டருக்கு 300 மில்லிகிராம் உப்பைப் பார்க்கிறது. நாம் தேடுவது அதில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு.

எப்போது எடுப்பது என்பதும் முக்கியம். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடுகளில் மழைக்காலம் தவிர்த்த ஒரு பருவத்தின் தரவோடு முடித்துக்கொள்வதே வழக்கமாகிவிட்டது. மேட்டின் மேல் கோடையில் உப்புப் பூத்து வெள்ளையாகவும் மஞ்சளாகவும் படியும், அதில்தான் கரையும் உலோகம் செறிந்திருக்கும். முதல் கனமழையின் முதல் ஒரு மணி நேரத்தில் அது ஓடைக்கு இறங்கிவிடும். மே மாதத்தில் ஒன்று, முதல் கனமழை ஓடும்போதே ஒன்று, அக்டோபர் மழைக்குப் பின் ஒன்று என மூன்று முறையாவது, தொடர்ந்து இரண்டு வருடம் எடுத்தால்தான் அது அடிப்படைத் தரவு. பாலாறு, தென்பெண்ணை இரண்டின் மேல்பகுதிகளும் கோலார் மாவட்டத்தில் இருப்பதால், ஒவ்வொரு மேட்டின் நீரும் எந்த ஓடை வழியாக எந்த ஏரியில் சேர்கிறது என்ற வரைபடமும் வேண்டும். கீழேயுள்ள தமிழக மாவட்டங்களுக்கு அந்த வரைபடத்தைக் கேட்கும் உரிமை உண்டு.

மண்ணில் எடுக்கும்போது ஆழம் பார்த்து எடுக்க வேண்டும். வயல் என்றால் 0–15 செ.மீ. ஒன்று, 15–30 செ.மீ. ஒன்று. பிள்ளைகள் விளையாடும் இடம் என்றால் மேல் 2 செ.மீ. மட்டும், அதையும் 150 மைக்ரான் சல்லடையில் சலித்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் கையில் ஒட்டி வாய்க்குள் போவது அந்தப் பொடிதான். துத்தநாகம் பூசிய மண்வெட்டி வேண்டாம். பாதரசம் பார்க்கும் மண்ணைச் சூட்டடுப்பில் காய வைத்தால் பாதரசம் பறந்துவிடும், நிழலில் உலர்த்துங்கள். துப்பாக்கி போல் நீட்டி, எக்ஸ் கதிரால் உலோகத்தைப் படிக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவி, எந்த இடத்தில் அதிகம் என்று முதலில் தெரிந்துகொள்ள உதவும். ஆனால் ஈரமண்ணில் அது குறைத்துக் காட்டும், ஈயம் அதிகமுள்ள இடத்தில் ஈயத்தின் கதிர்க்கோடும் ஆர்சனிக்கின் கதிர்க்கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் ஆர்சனிக் அளவை நம்ப முடியாது. இருபதில் ஒரு மாதிரியையாவது கூடத்துக்கு அனுப்பி ஒப்பிட வேண்டும்.

மேட்டையே சோதிக்கும்போது மேலே நின்று நாலு பை நிரப்பிக்கொண்டு வருவது போதாது. மேல் ஓரிரு மீட்டர் ஏற்கெனவே துருவேறி முடிந்த மண். அடியில்தான் கந்தகம் உயிரோடு இருக்கிறது. உச்சியிலிருந்து அடித்தரை வரை துளையிட்டு மீட்டருக்கு ஒரு மாதிரி எடுக்க வேண்டும். சல்பைடு கந்தகம் ஒரு சதவீதம் இருந்தால் ஒரு டன் மண்ணின் அமிலத்தை ஆற்ற 31.25 கிலோ சுண்ணாம்புக்கல் தேவை. மண்ணிலேயே அவ்வளவு இருக்கிறதா என்பது அடுத்த கணக்கு. குப்பைமேட்டுக்காக உருவாக்கிய 18 மணி நேரக் கரைப்புச் சோதனையை வைத்து 'தேறிவிட்டது' என்று எழுதுவது சுரங்க மண்ணுக்குப் பொருந்தாது. ஒரு கிலோ மண்ணை மூன்று நாள் உலர்காற்று, மூன்று நாள் ஈரக்காற்று, ஏழாம் நாள் தண்ணீர் என்று குறைந்தது 20 வாரம் ஓட்டும் சோதனைதான் எது எப்போது வெளிவரும் என்று காட்டும்.

அள்ளும் வேலையிலும் சில விஷயங்களை அனுமதி தருவதற்கு முன்பே பேசித் தீர்க்க வேண்டும். தூசி முதலாவது. பழைய மேட்டின் மேல் இறுகிய ஓடு ஒன்று இருக்கும். அதை உடைத்தால் கோடைக்காற்றில் பறப்பது ஆர்சனிக் மட்டும் அல்ல, நுரையீரலை இறுக்கும் சிலிக்காவும்தான். சிலிக்கோசிஸ் என்றால் என்ன என்று தங்கவயலுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஒரே சமயத்தில் ஒரு மேட்டை மட்டும் திற, அதை அடித்தரை வரை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போ என்ற கட்டுப்பாடு வேண்டும். காற்று மாதிரியின் பிஎம்10 (10 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்தூசி) எடையோடு நிறுத்தாமல் அந்த வடிதாளிலேயே ஆர்சனிக்கும் ஈயமும் அளக்க வேண்டும். தேசியக் காற்றுத் தரத்தில் ஆர்சனிக்குக்கு ஆண்டுச் சராசரியாக கன மீட்டருக்கு 6 நானோகிராம் என்று எல்லை ஏற்கெனவே இருக்கிறது. அளப்பவர்தான் அரிது.

மேட்டை அகற்றிய இடத்தின் அடித்தரை அடுத்த ஆபத்து. பல பத்தாண்டு கசிவு அந்தத் தரையில்தான் இறங்கியிருக்கும். சமமான, காலியான, ஊருக்குள் இருக்கும் நிலம் என்பதால் முதலில் வீட்டுமனை ஆவதும் அதுதான். தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் வட்டாரத்தில் இந்த வேலை 1970களிலிருந்து நடக்கிறது. அங்கே 2018இல் மின்டெய்ல்ஸ் என்ற நிறுவனம் திவாலானபோது பாதி அள்ளிய மேடுகள் அப்படியே விடப்பட்டன. சீரமைப்புக்கென்று ஒதுக்கியிருந்த பணம் உண்மைச் செலவில் சிறு பங்குகூட இல்லை. பாதி அள்ளிய மேடு முழு மேட்டைவிட மோசம், மேலே இறுகியிருந்த ஓடு போய்விட்டது, சரிவும் செங்குத்தாகிவிட்டது.

நம் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். கனிமப் பாதுகாப்பு, மேம்பாட்டு விதிகளின் 2021 திருத்தத்தின்படி, மூடும்போது சீரமைக்கப் பெரிய சுரங்கம் தர வேண்டிய நிதி உத்தரவாதம் எக்டேருக்கு 5 லட்சம் ரூபாய். 1,003.4 ஏக்கர் என்பது 406 எக்டேர். இதே விதி இங்கும் பொருந்தினால் சுமார் 20 கோடி ரூபாய். அதே பரப்பை அரை மீட்டர் நல்ல மண்ணால் மூட மட்டும் 20 லட்சம் கன மீட்டர் மண் வேண்டும். கொண்டுவந்து பரப்ப கன மீட்டருக்கு 500 ரூபாய் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் 100 கோடி ஆகிவிடும். கசிவு நீர்ச் சுத்திகரிப்பும் 30 வருடக் கண்காணிப்பும் இதில் சேரவில்லை.

மறுபடி வரும் கழிவை எங்கே வைப்பது? பழைய மேட்டுக்கு அடியில் எந்தத் தடுப்பும் கிடையாது. புதியதற்கு இறுக்கிய களிமண்ணும் அதன் மேல் 1.5 மி.மீ. எச்டிபிஇ விரிப்பும் வேண்டும். கூழாகத் தேக்கும் அணையைவிட, பிழிந்து 15–20 சதவீத ஈரத்தில் அடுக்குவதே இந்த ஊருக்குச் சரி, தண்ணீரும் மிச்சமாகும். தேக்கிய கழிவின் மேலேயே அணையை உயர்த்திக் கட்டும் முறையைக் கேட்டவுடனேயே மறுத்துவிட வேண்டும். 2019 ஜனவரி 25 அன்று பிரேசிலின் புருமாடின்யோவில் 270 உயிரைக் கொண்டுபோனது அப்படிக் கட்டிய, அதுவும் பயன்பாட்டில் இல்லாத, அணை. எல்லாவற்றையும் பழைய சுரங்கக் குழிக்குள்ளேயே போட்டுவிடலாமே என்ற யோசனை சில சமயம் வருகிறது. அரைத்த பாறை உடையாத பாறையைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு இடம் பிடிக்கும். முழுவதும் அடங்காது, குழிகளிலும் தண்ணீர் நிற்கிறது.

இதற்கிடையில் அங்கே வாழ்பவர்கள் என்ன செய்வது? மேட்டு மண்ணை வீட்டுத் தரை நிரப்பவும் பூச்சுக்கும் எடுப்பதை உடனே நிறுத்த வேண்டும். வீட்டைத் துடைப்பத்தால் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நல்லது. கொதிக்கவைத்தால் உலோகம் போகாது, தண்ணீர் சுண்டுவதால் இன்னும் செறிவாகும். ஆர்.ஓ. இயந்திரம் ஈயத்தையும் காட்மியத்தையும் நன்றாகப் பிடிக்கும். ஆர்சனிக்கில் ஒரு வகை, நிலத்தடி நீரில் அதிகம் இருக்கும் மின்னூட்டமில்லாத வகை, அதில் கொஞ்சம் தப்பிவிடும். ஊர் பொது ஆர்.ஓ. நிலையத்தில் முதலில் குளோரின் சேர்த்து அதை வேறு வகையாக மாற்றி, பிறகு கரி வடிகட்டியில் குளோரினை நீக்கி, அதன்பின் சவ்வுக்கு அனுப்ப வேண்டும். இந்த வரிசை மாறினால் குளோரின் சவ்வைத் தின்றுவிடும். ஒதுக்கும் நீரை ஏரியில் விட்டால் செறிவான நஞ்சை ஏரியில் விடுவதாகும். ஆர்சனிக்குக்கென்றே, இரும்பு ஆக்சைடு நிரப்பிய, சென்னை ஐஐடி உருவாக்கிய அம்ரித் போன்ற வடிகட்டிகள் இருக்கின்றன. நிரப்பியைக் காலம் தவறாமல் மாற்றுவதும் பழையதைத் திரும்ப வாங்கிக்கொள்வதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

விவசாயிக்கு ஒரு எச்சரிக்கை. ஈயமும் காட்மியமும் உள்ள அமில மண்ணில் சுண்ணாம்பு போட்டால் அவை அடங்கும். ஆர்சனிக் உள்ள மண்ணில் அதே சுண்ணாம்பும், தாராளமாகப் போட்ட டிஏபி என்ற பாஸ்பேட் உரமும் ஆர்சனிக்கைக் கிளப்பும். மண் சோதனை இல்லாமல் எதையும் கொட்ட வேண்டாம். தண்ணீர் கட்டி நிறுத்தும் நெல்லைவிடக் கேழ்வரகு இங்கே பாதுகாப்பு, கீரையைவிடக் காய், பழம் பாதுகாப்பு. சூரியகாந்தி நட்டால் மண் சுத்தமாகிவிடும் என்பவரிடம் ஒரு கணக்கைக் கேளுங்கள். ஒரு எக்டேரில் 15 செ.மீ. ஆழ மண் சுமார் 2,000 டன். கிலோவுக்கு 50 மில்லிகிராம் ஆர்சனிக் என்றால் மொத்தம் 100 கிலோ. வருடம் 10 டன் உலர் பயிர், அதில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்று தாராளமாக வைத்தாலும் வருடத்துக்கு 200 கிராம்தான் வெளியேறும். 500 வருடம் ஆகும்.

மண்ணை விட்டுவிட்டு மருந்தில் தொடங்குவதும் பலிக்காது. 2010இல் நைஜீரியாவின் சாம்ஃபாராவில் ஈயம் கலந்த தங்கத் தாதுவை வீட்டு முற்றத்திலேயே அரைத்ததில் 400க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அங்கே சென்ற மருத்துவர்கள், முற்றத்து மண்ணைச் சுரண்டி அகற்றிப் புதுமண் போட்ட ஊர்களில்தான் ஈயத்தை வெளியேற்றும் சிகிச்சையைத் தொடங்கினார்கள். நஞ்சுள்ள வீட்டுக்கே குழந்தை திரும்பினால் மருந்து வீண்.

கடைசியாகச் சட்டம். மாசுபட்ட இடங்களைச் சீரமைக்க மத்திய அரசு 2025இல் தனி விதிகள் கொண்டுவந்தது. சுரங்கப் பணியால் நேரும் மாசு பொதுவாக அதன் எல்லைக்கு வெளியே வைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே தங்கவயலுக்கான பாதுகாப்பு முழுவதும் சுற்றுச்சூழல் அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைகளில்தான் இருக்கும். கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் 'தகுந்த நடவடிக்கை எடுக்கப்படும்' என்ற வரியோடு திரும்பிவிடக் கூடாது. கண்காணிக்கும் ஒவ்வொரு கிணறும் எண்ணோடும் இடத்தோடும் பட்டியலில் இருக்க வேண்டும். மாதிரி எடுக்கும்போது ஊரார் இருவர் உடனிருந்து, முத்திரையிட்ட இரண்டாவது பாட்டில் ஒன்றைப் பஞ்சாயத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். அளவுகள் தமிழிலும் கன்னடத்திலும் மாதந்தோறும் பஞ்சாயத்துப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். ஏதாவது ஒரு கிணற்றில் ஆர்சனிக் 0.01ஐத் தாண்டினால் 24 மணி நேரத்தில் மாற்றுக் குடிநீர், ஏழு நாளில் மறு சோதனை, அதுவும் உறுதியானால் காரணம் தெரியும்வரை அந்தப் பக்கத்து மேட்டில் வேலை நிறுத்தம் என்று நாளும் அளவும் போட்டு எழுதப்பட வேண்டும்.

இப்படிக்கு,
சுரங்கப் பகுதிகளில் நீர், மண் பரிசோதனைப் பணியில் இருப்போர்,
பெங்களூரு